கொடைக்கானலில் பத்துப் பேருக்கு ஒரு திரையிடல்: தன்பாலீர்ப்பும் சிலுவையும் சேர்ந்து வரும் படங்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஜனவரி 20, செபஸ்தியார் திருநாள். கொடைக்கானலில் அந்த வாரம் காலையில் புல்லெல்லாம் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். கல்லூரி முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலத்தில், திருநாளுக்கு முந்தின நாள் எங்கள் கோவிலில் இருக்கும் அந்தப் புனிதரின் சுரூபத்தை, அதாவது சிலையை, துடைக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மரத்தில் கட்டப்பட்ட ஓர் இளைஞன், இடுப்பில் ஒரு துணி, உடம்பெல்லாம் அம்பு, முகத்தில் வலியே கிடையாது. அம்புகளைத் தனித்தனியாகத் திருகிக் கழற்றலாம். ஒவ்வொன்றாகத் துடைத்து அதே துளையில் மாட்ட வேண்டும். அரை மணி வேலையை நான் இரண்டு மணி நேரம் செய்தேன். ஏன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ள இன்னும் மூன்று வருஷம் ஆனது.

அந்தச் சுரூபத்தை அப்படிப் பார்த்தவன் நான் ஒருவன் மட்டுமில்லை என்பது படங்கள் வழியாகத்தான் தெரிந்தது. இங்கிலாந்தின் டெரெக் ஜார்மன், இத்தாலியின் பசோலினி, அமெரிக்காவின் கென்னத் ஆங்கர் என்று இயக்குநர்களின் ஒரு வரிசையே இருக்கிறது. ஆண்களை நேசித்த ஆண்கள். பைபிளையும் புனிதர்களையும் விட முடியாமல், கேமராவை எடுத்துக்கொண்டு அவர்களிடமே திரும்பிப் போனவர்கள். இந்தப் படங்களை ‘வெளிநாட்டுக் கலைப்படம், நமக்குப் புரியாது’ என்று ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். சிலுவைப்பாதையில் நடந்து, இயேசுவின் பாடுகளை நடித்துக் காட்டும் பாஸ்கா நாடகம் பார்த்து, சப்பரம் தூக்கி வளர்ந்த ஆளுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

நாலைந்து வருஷமாக மூஞ்சிக்கல் பக்கம் ஒரு வீட்டில் இந்தப் படங்களைப் போட்டுவருகிறேன். தப்பும் சரியுமாகக் கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் ஆட்கள்

எட்டிலிருந்து பன்னிரண்டு பேர் போதும். எல்லோரும் 18 வயது தாண்டியவர்களாக இருக்க வேண்டும், அதில் பேச்சே இல்லை. வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிடுங்கள். கொடைக்கானல் சின்ன ஊர். காலையில் யார் வீட்டுக்குள் யார் நுழைந்தார்கள் என்பது மாலைக்குள் டீக்கடைக்கு வந்துவிடும். வருகிறவர்களில் வீட்டில் இன்னும் சொல்லாதவர்கள் இருப்பார்கள். அதனால் வாசலிலேயே ஒரு கூடை வைத்து செல்போன்களை வாங்கிவிடுவது என் வழக்கம். போட்டோ கிடையாது, மறுநாள் ஸ்டேட்டஸும் கிடையாது.

பால்புதுமையரை (க்வியர் ஆட்களை) மட்டும் கூப்பிட்டு முதல் திரையிடலை நடத்தினேன். எல்லோரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்கள், பேச்சு பத்து நிமிஷத்தில் படுத்துவிட்டது. அடுத்த முறையிலிருந்து ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிற இரண்டு பேராவது இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன்.

அழைப்பில் என்ன வார்த்தை போடுவது? ‘ஓரினச்சேர்க்கை’ வேண்டாம். அது ஒரு மனிதனின் ஆசை, காதல், வாழ்க்கை எல்லாவற்றையும் படுக்கையில் கொண்டுபோய் முடித்துவிடுகிறது. தன்பாலீர்ப்பு, பால்புதுமையர் போன்ற சொற்கள் இப்போது நன்றாகவே புழங்குகின்றன. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2021-இல் வந்த ஒரு வழக்கின் தொடர்ச்சியாக, 2022-இல் தமிழ்நாடு அரசே ஒரு சொல்பட்டியலை அரசிதழில் வெளியிட்டது.

அப்புறம், ‘கலைப்படம்’ என்று மட்டும் சொல்லி மறைக்காதீர்கள். இரண்டு ஆண்களின் காதல், கிறிஸ்துவின் பாடுகள், நிர்வாணம், அடி உதை, எது இருக்கிறதோ அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் ஒரு தடவை பக்கத்து வீட்டு அக்காவிடம் பொத்தாம்பொதுவாக “இயேசுவோட பாடுகள் பத்தின படம்” என்று சொல்லிவிட்டேன். அவர் கையில் செபமாலையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். அந்தக் கதை பின்னால் வருகிறது.

2. எந்தப் படம், எந்த வரிசையில்

நேராக ஜார்மனில் ஆரம்பிக்காதீர்கள். ஒரு மாதத்துக்கு ஒரு மாலை என்று நான்கு மாலைகளாகப் பிரித்துக்கொள்வது நல்லது.

முதல் மாலை பசோலினி. 1963-இல் அவர் எடுத்த ‘லா ரிகோத்தா’ சுமார் 35 நிமிடக் குறும்படம். ரோமுக்கு வெளியே ஒரு வெட்டவெளியில் கிறிஸ்துவின் பாடுகளைப் படமாக்கிக்கொண்டிருக்கிறார்கள். இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்டு மனம் திரும்பிய நல்ல கள்ளனாக நடிக்கும் துணை நடிகனுக்குப் பசி. கிடைத்ததையெல்லாம் அள்ளித் தின்றுவிட்டு, ஷாட் எடுக்கும் நேரத்தில் சிலுவையிலேயே செத்துப்போகிறான். நாட்டின் அதிகாரபூர்வ மதத்தை இழிவுபடுத்தியதாகப் பசோலினிக்கு நான்கு மாதத் தண்டனை விதித்தார்கள். அதே ஆள் அடுத்த வருஷம் ‘மத்தேயு எழுதிய நற்செய்தி’யை எடுத்து, வெனிஸ் விழாவில் கத்தோலிக்கத் திரைப்பட அமைப்பின் விருதை வாங்கினார். இரண்டையும் அடுத்தடுத்துப் போடுங்கள். கம்யூனிஸ்ட், கடவுள் நம்பிக்கை இல்லாதவர், தன்பாலீர்ப்பாளர். சிலுவையடியில் நிற்கும் வயதான மரியாளாக நடித்தது அவருடைய சொந்த அம்மா.

“இதில் தன்பாலீர்ப்பு எங்கே இருக்கிறது?” என்று நிச்சயம் கேட்பார்கள். கதைக்குள் தேடினால் கிடைக்காது. சீடர்களாக நடிக்கும் உழைப்பாளி முகங்கள் மேல் கேமரா ஒவ்வொன்றாக நின்று நின்று போகும் விதத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். போதும்.

இரண்டாம் மாலைக்கு ஒரு குறும்படம், ஒரு பெரிய படம். கென்னத் ஆங்கரின் ‘ஸ்கார்பியோ ரைசிங்’ 1963-இல் எடுத்தது, அரை மணிக்கும் குறைவு. லெதர் ஜாக்கெட் போட்ட பைக் பையன்கள், வசனமே இல்லாமல் பதின்மூன்று பாப் பாட்டுகள், நடுநடுவே ஞாயிறு மறைக்கல்விக்காக எடுத்த பழைய இயேசு படம் ஒன்றின் துண்டுகள். அந்த இயேசு படம் முகவரி மாறித் தன் வீட்டு வாசலுக்கு வந்ததாக ஆங்கரே சொல்லியிருக்கிறார். சீடர்கள் இயேசுவின் பின்னால் நடக்கிறார்கள், ‘கட்’, பைக் கூட்டம் தலைவன் பின்னால் போகிறது. எடிட்டிங் என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லித்தர முடியாது.

அதன்பின் போர்ச்சுகீசிய இயக்குநர் ஜோவாவ் பெத்ரு ரோத்ரிகிஸின் ‘தி ஆர்னிதாலஜிஸ்ட்’ (2016). லொகார்னோ விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கியது. பறவை ஆய்வாளன் ஒருவன் ஆற்றில் படகு கவிழ்ந்து காட்டில் வழிதவறுகிறான். அவன் பெயர் பெர்னாந்து. கோடி அற்புதர் அந்தோணியாருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயரும் அதுதான். லிஸ்பனில் பிறந்தவர் அவர், பெயரோடு ஒட்டிக்கொண்ட இத்தாலிய ஊரான பதுவா பின்னால் வந்தது. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் நவநாளுக்குப் போகிற யாரும் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவார்கள். வழியில் அவனைக் கட்டிப்போடுகிறார்கள், அந்த நிலையில் அவன் அப்படியே செபஸ்தியார். வாய் பேசாத, காது கேளாத ஆடு மேய்ப்பன் ஒருவனைச் சந்திக்கிறான், அவன் பெயர் இயேசு.

ஒன்றை மட்டும் முன்பே சொல்லிவையுங்கள். பறவைகள் அவனை மேலிருந்து பார்க்கும் ஷாட்டுகளில் வேறொரு முகம் தெரியும். அது இயக்குநரின் முகம். பறவைகளுக்கு அவன் ஏற்கெனவே அந்தோணியார்! சொல்லாவிட்டால் பாதிப் பேர் நடிகர் மாறியதைப் பிழை என்று நினைத்துவிடுவார்கள். எனக்கே முதல் தடவை அப்படித்தான் தோன்றியது.

மூன்றாம் மாலை ‘தி கார்டன்’, நான்காம் மாலை ‘ப்ளூ’. இரண்டும் ஜார்மன். ஜார்மன் பால் ஹம்ஃப்ரெஸோடு சேர்ந்து 1976-இல் எடுத்த ‘செபாஸ்டியானே’ படத்தை ஏன் விட்டேன் என்று கேட்கலாம். வசனம் முழுக்க லத்தீன், முழுக்க வெயில், முழுக்க உடம்பு. வரலாற்றில் முக்கியமான படம்தான், ஆனால் எனக்கு அது சலிப்பூட்டியது. எங்கள் கோவில் சுரூபத்தில் இருக்கும் மர்மம் அதில் இல்லை. உங்களுக்குப் பிடிக்கலாம், போட்டுப் பாருங்கள்.

3. ‘தி கார்டன்’ பார்ப்பதற்கான தயாரிப்பு

இங்கேதான் ஆட்கள் எழுந்து போவார்கள். 1990-இல் வந்த படம். தொண்ணூறு நிமிடத்துக்கு வசனம் என்று எதுவும் இல்லாத குறை. சூப்பர் எய்ட், 16 எம்எம், வீடியோ எல்லாம் கலந்து எடுத்தது. கதை எங்கே என்று தேடினால் தலைவலிதான் மிஞ்சும். அதனால் படம் போடும் முன் பத்து நிமிஷம் மூன்று விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, இடம். இங்கிலாந்தில் கென்ட் கடற்கரையில் டஞ்சனெஸ் என்ற ஊர். கூழாங்கல் வெளி, பின்னால் அணுமின் நிலையம். அங்கே கருப்புச் சுவரும் மஞ்சள் ஜன்னல் சட்டமுமாக ஒரு மரவீடு ஜார்மனுடையது. சுற்றிலும் அவர் வளர்த்த தோட்டத்துக்கு வேலியே கிடையாது. நம் ஊரில் பேரிக்காய் மரம் நாலு இருந்தாலே முள்கம்பி போடுகிறோம். படத்தில் அந்தத் தோட்டம் ஆதாம் ஏவாளின் ஏதேனாகவும் வரும், இயேசு பிடிபட்ட கெத்சமனியாகவும் வரும்.

இரண்டு, காலம். 1986 டிசம்பரில் ஜார்மனுக்கு எச்ஐவி இருப்பது தெரிந்தது. அவர் அதை மறைக்காமல் வெளியே சொன்னார். 1988-இல் பிரிட்டனில், உள்ளாட்சி அமைப்புகள் தன்பாலீர்ப்பை ‘ஊக்குவிக்க’க் கூடாது என்று ‘பிரிவு 28’ சட்டமானது. நண்பர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். படத்தில் இருக்கும் கோபம் அங்கிருந்து வருவது.

மூன்று, முறை. இதைப் பாஸ்கா நாடகமாகப் பாருங்கள். நம் பாஸ்காவில் யாரும் கதை தெரிந்துகொள்ளப் போவதில்லை. பிலாத்து கை கழுவுவான் என்று ஊருக்கே தெரியும். யார் எந்த வேஷம், இந்த வருஷம் யூதாஸ் யார், சேவகர்கள் எவ்வளவு நேரம் அடிக்கிறார்கள் என்று பார்க்கத்தான் போகிறோம். ‘தி கார்டன்’ படத்தில் கிறிஸ்துவின் இடத்தில், ஒருவரையொருவர் காதலிக்கும் இரண்டு ஆண்கள். சேவகர்கள் இடத்தில் போலீஸ்காரர்கள். மாதாவாக டில்டா ஸ்வின்டன், அவரைத் துரத்தும் பத்திரிகை கேமராக்காரர்கள். நீள மேசையில் வரிசையாக உட்கார்ந்த பெண்கள் கண்ணாடிக் கோப்பைகளின் விளிம்பில் விரலைச் சுற்றுகிறார்கள், அந்த ரீங்காரம் அறையை நிறைக்கிறது. அதுதான் கடைசி இராவுணவு. கடற்கரைத் தண்ணீரில் ஒரு கட்டில், அதில் ஜார்மன் படுத்திருக்க, தீப்பந்தம் ஏந்தியவர்கள் சுற்றிவருகிறார்கள். சூப்பர் எய்ட் கேமராவில் நொடிக்குக் குறைந்த ஃபிரேம்களில் எடுத்து மெதுவாக ஓடவிடுவது அவருடைய பழைய பழக்கம். அசைவெல்லாம் கனவுபோலத் துள்ளித் துள்ளி வருவதற்கு அதுதான் காரணம், உங்கள் லேப்டாப் திணறுவதாக நினைக்க வேண்டாம்.

அந்த அக்கா வந்தது இந்தப் படத்துக்குத்தான். முதல் முத்தக் காட்சியில் என் காது சூடாகிவிட்டது. அவர் எழவில்லை. செபமாலையை மட்டும் மடியிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்தார். நடுவில் ஒரு காட்சி. போலீஸ்காரர்கள் சிரித்துக்கொண்டே அந்த இரண்டு பேர் மேலும் பாகை ஊற்றி, தலையணையைக் கிழித்து இறகைக் கொட்டுவார்கள். அறையில் யாரும் மூச்சுவிடவில்லை. அக்கா என் பக்கம் லேசாகச் சாய்ந்து, “இயேசுவைக் கல்தூண்ல கட்டி அடிச்சது இதுதானே தம்பி?” என்றார். ஆமாம் என்றேன். “சரி” என்று திரும்பிக்கொண்டார்.

நான் பத்து நிமிஷம் சொல்லும் முன்னுரையை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். கடைசியில் பிஸ்கட் சுற்றிய மெல்லிய காகிதத்தைக் கொளுத்த, அது எரிந்தபடியே மேலே மிதந்து போகும். அதுவரை இருந்து பார்த்துவிட்டுத்தான் அவர் கிளம்பினார்.

4. இடம், கரண்ட், குளிர்

வீடுதான் சரி. ஒரு தடவை பெரிதாகச் செய்வோமே என்று ஒரு மண்டபம் பேசி முன்பணமும் கொடுத்தேன். முந்தின நாள் சாயங்காலம் போன், ஏதோ பைப் வேலையாம். முன்பணம் திரும்பி வந்தது, உண்மைக் காரணம் வரவில்லை.

ஏப்ரல், மே சீசனில் வைக்காதீர்கள். சாலை அடைத்துக்கொள்ளும், மதுரையிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ வருகிற நண்பர் பாதி வழியில் மாட்டிக்கொள்வார். வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் முறை இருக்கிறது, அவர்களிடம் நினைவுபடுத்திவிடுங்கள்.

திரைக்கு எட்டு முழ வேட்டி ஒன்று போதும். கரை ஒல்லியாக இருப்பதாகப் பார்த்து, இஸ்திரி போட்டு இழுத்துக் கட்டுங்கள். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் சரி. ஜன்னல் இருந்தால் வெளிச்சம் ஊடுருவும், ஒரு கம்பளியைத் தொங்கவிடுங்கள். புரொஜெக்டர் பெட்டியில் போட்டிருக்கும் லூமன் (வெளிச்ச அளவு) கணக்கை நம்பி வாங்காதீர்கள். தர நிர்ணய முறைப்படி அளந்த ஏஎன்எஸ்ஐ லூமன் எவ்வளவு என்று கேளுங்கள். ஜார்மன் படங்களில் இருட்டுக் காட்சிகள் நிறைய, மலிவுப் புரொஜெக்டரில் அவை சாம்பல் குழம்பாகிவிடும்.

மலைக்கே உரிய சிக்கல் ஒன்று. குளிரில் கிடந்த புரொஜெக்டரைச் சூடான அறைக்குள் கொண்டுவந்து உடனே போட்டால் லென்ஸ் வேர்த்துவிடும். படமெல்லாம் மேகம் இறங்கின மாதிரி தெரியும். ஒரு மணி நேரம் முன்பே அறையில் வைத்துவிடுங்கள். ஹீட்டரையும் புரொஜெக்டரையும் ஒரே பிளக்கில் மாட்டினால் ட்ரிப் ஆகும். கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுக் கரி அடுப்பு வைக்கவே வைக்காதீர்கள், அதிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத விஷவாயு ஆளையே கொன்றுவிடும். கணப்பு உள்ள வீடு என்றால், நெருப்பின் வெளிச்சம் திரையில் விழாத பக்கமாகத் திரையைக் கட்டுங்கள். ஆளுக்கொரு போர்வை, இடைவேளையில் சுக்குக் காபியும் பன்னும்.

ஐந்து மணிக்கு ஆரம்பித்து எட்டுக்குள் முடித்துவிடுங்கள், பசோலினி மாலையை மட்டும் இன்னும் முன்கூட்டியே ஆரம்பியுங்கள். அதற்கு மேல் ரோட்டில் காட்டுமாடு நிற்கும். டார்ச்சோடு சேர்ந்துதான் போக வேண்டும்.

5. சட்டம்

வயதுவந்தவர்களுக்கிடையே சம்மதத்தோடு நடக்கும் உறவு குற்றமில்லை என்று 2018 செப்டம்பர் 6-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த உறவைக் குற்றமாக்கிய பழைய சட்டப் பிரிவைச் சொல்லி, இன்னும் ‘377 இருக்கே’ என்று பயமுறுத்துகிறவர்களுக்கு அந்தத் தேதியைச் சொல்லுங்கள். பொதுவில் படம் காட்ட 1952 திரைப்படச் சட்டப்படி சான்றிதழ் வேண்டும், உரிமை வைத்திருப்பவரின் அனுமதியும் வேண்டும். எனவே டிக்கெட், போஸ்டர் எதுவும் இல்லாமல், தெரிந்தவர்களோடு வீட்டுக்குள் முறையாக வாங்கிய பிரதியைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மத உணர்வைப் புண்படுத்துவது பற்றிய சட்டப் பிரிவு, பாரதிய நியாய சம்ஹிதாவில் 299, வேண்டுமென்றே கெட்ட எண்ணத்தோடு செய்வதைப் பற்றியது. ஆனாலும் ஃபோனில் கிண்டலாக ஒரு தலைப்பு வைத்து அனுப்பி, வம்பை விலைக்கு வாங்காதீர்கள்.

6. படம் முடிந்ததும்

உடனே லைட்டைப் போடாதீர்கள். ஐந்து நிமிஷம் விடுங்கள். பிறகு “எப்படி இருந்தது?” என்று கேட்க வேண்டாம், அதற்கு வரும் பதில் “நல்லா இருந்துச்சு” ஒன்றுதான். “எந்தப் படிமம் உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததாக இருந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். இந்துக் குடும்பத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர் காவடியில் குத்தும் அலகைப் பற்றிப் பேச ஆரம்பித்து, செபஸ்தியார் பக்கம் வந்து சேர்ந்தார். கேரளாவில் அந்தத் திருநாளுக்கு அம்பு பெருநாள் என்றே பெயர் என்றும், அம்பை வீடு வீடாக எடுத்துப் போவார்கள் என்றும் இன்னொருவர் சொன்னார். ரோமில் செபஸ்தியார் அம்புகளால் சாகவில்லை என்பதும், ஐரீன் என்ற பெண் காயங்களை ஆற்றிப் பிழைக்கவைத்த பிறகு தடியால் அடித்துக் கொன்றார்கள் என்பதும் பாதிப் பேருக்குப் புதுச் செய்தி. கொள்ளைநோய்க்கு எதிராக வேண்டிக்கொள்ளப்பட்ட புனிதர் அவர். எய்ட்ஸ் காலத்தில் அவர் படம் மறுபடி சுவர்களில் ஏறியதில் என்ன ஆச்சரியம்!

“திருச்சபை இதை ஒத்துக்கொள்ளாதே” என்று யாராவது சொல்லத்தான் செய்வார்கள். ஒத்துக்கொள்ளவில்லைதான். கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2357-ஆம் பத்தி அந்த உறவை ஒழுங்கற்றது என்கிறது. அடுத்த பத்தியோ அந்த மனிதர்களை மரியாதையோடும் இரக்கத்தோடும் நுண்ணுணர்வோடும் ஏற்க வேண்டும் என்கிறது. இரண்டையும் வாசித்துக் காட்டுகிறேன், ஒன்றை மறைத்தால் மற்றதற்கு மதிப்பில்லை. விவாதத்தில் ஜெயிக்க முயல்வதில்லை. யாராவது அழுதால் தண்ணீர் கொடுத்துவிட்டு அடுத்த ஆள் பக்கம் திரும்பிவிடுகிறேன்.

7. கடைசி மாலை: ‘ப்ளூ’

79 நிமிடம், திரையில் நீல நிறம் மட்டும். ஆரம்பம் முதல் முடிவு வரை வேறு எதுவும் வராது. எய்ட்ஸால் பார்வை போய்க்கொண்டிருந்தபோது 1993-இல் ஜார்மன் எடுத்தது. அடுத்த பிப்ரவரியில் இறந்துபோனார். குரல்கள் மருத்துவமனையைப் பற்றிப் பேசும், கண்ணில் விடும் மருந்தைப் பற்றிப் பேசும், செத்துப்போன நண்பர்களின் பெயர்களைச் சொல்லும். பிரிட்டனில் டிவியும் வானொலியும் ஒரே நேரத்தில் ஒலிபரப்பின, 1993 செப்டம்பர் 19 அன்று. அது பிரான்ஸின் லா சலேத் மலையில் சலேத் மாதா காட்சி கொடுத்த நாளும்கூட. முகத்தைக் கைகளில் புதைத்து அழுத மாதா, மார்புச் சிலுவையின் ஒரு பக்கம் சுத்தியல், மறுபக்கம் குறடு. நம் ஊர் மலைக்கோவிலில் இருப்பவர்தான். தற்செயல்தான், ஆனாலும் நான் சொல்லாமல் விடுவதில்லை.

சப்டைட்டில் போட்டால் நீலம் கெட்டுவிடும். அதனால் சாரத்தைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, தொடங்கும் முன் வாசித்துவிடுகிறேன். இதற்கு நல்ல ஸ்பீக்கர் முக்கியம், பேட்டரியில் ஓடுவதாக இருக்கட்டும்.

போன முறை மழை. படம் ஒரு மணி நேரம் ஓடியிருக்கும், கரண்ட் போனது. புரொஜெக்டர் அணைந்தது. லேப்டாப்பும் ஸ்பீக்கரும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்ததால் குரல் நிற்கவில்லை. கும்மிருட்டு, தகரத்தில் மழை, அந்தக் குரல். யாரும் அசையவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு பையன் மெல்ல, “அண்ணே, நீலம் போயிருச்சா, இல்ல படமே இப்படித்தானா?” என்று கேட்டான். கரண்ட் வந்ததும் புரொஜெக்டரை மறுபடி போட எழுந்தேன். அந்த அக்கா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

“எனக்கு இங்கிலீஷ் பாதி புரியலை. ஆனா ஒரு மனுஷன் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்து பேசுறது தெரியுது. இருக்கட்டும் தம்பி, இருட்டுலயே கேப்போம்.”

மீதியை அப்படியே கேட்டோம். அதிலிருந்து ‘ப்ளூ’ போடும் அன்று மட்டும் நான் புரொஜெக்டருக்கு யூபிஎஸ் மாட்டுவதில்லை.